எல்லைக் கல்லும் எல்லை மொழியும்

நிலப்படத்தில் மொழியின் எல்லையைக் கோடாக வரையலாம். நிலத்தில் அஃது இயலுவதில்லை. ஜெர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் இடையே நெடுங்காலம் பேச்சு ஊருக்கு ஊர் சிறிது சிறிதாகவே மாறி வந்தது. நம் நாட்டில் இதற்குச் சான்று காண விழைவோர் களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் செல்லலாம்.

நெய்யாற்றின் கரை என்னும் பெயர் இரு மொழியினருக்கும் அகராதியின்றியே விளங்கும். 'வெள்ளம்' என்றால் பிற தமிழ் மாவட்டங்களில் ஆற்றுப் பெருக்கு. மலையாளத்திலும் விளவங்கோட்டுத் தமிழிலும் அது தண்ணீர். 'பறைதல்' என்பது சொல்லுதலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். பொதுத்தமிழ் கைவிட்ட அதனை மலையாளமும் எல்லைத் தமிழும் காத்து வருகின்றன. வேற்றுமையும் உண்டு: தமிழில் வந்தான், வந்தாள் எனப் பால் காட்டும் வினை, மலையாளத்தில் 'வன்னு' என ஒன்றாகவே நிற்கும்.

கி.பி. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்துச் சாலைக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில், தமிழில் அமைந்தது. இன்று அவ்வூர் தமிழ்நாட்டிலும், அருகிலுள்ள பாறசாலை கேரளத்திலும் உள்ளன.

இப்பிரிவு எளிதில் நேர்ந்ததன்று. தமிழ்ப் பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு இணைக்கக் கோரிய கிளர்ச்சியில், 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. பசல் அலி ஆணையம் 1955-இல் அறிக்கை அளித்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் குமரி மாவட்டமாயின. கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை, மலையாளம் பேசுவோர் மிகுந்திருந்தமையால் கேரளத்திலேயே நின்றது. அங்கிருந்த தமிழர் இடம் பெயராமலே சிறுபான்மையினராயினர்.

இத்தகையோரைக் கருதியே 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம் அரசியலமைப்பில் 350-அ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்கிறது அது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தம் மொழியிலேயே எழுத உரிமை தருகிறது.

350-அ பிரிவு மும்பையிலும் தில்லியிலும் வாழும் நமக்கும் உரியது. அதனைக் கேட்டுப் பெறுதல் நம் கடமை. எனினும் சட்டம் பள்ளியின் வாயில்வரைதான் துணை வரும். வழிபாட்டிலும் நூலிலும் நின்ற எபிரேயம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் பேச்சுமொழியாகத் தொடங்கியதற்கு, குழந்தைகளிடம் அதிலேயே பேசத் துணிந்த வீடுகளும் துணைநின்றன. எல்லை ஊர்த் தமிழைக் 'கொச்சை' என்று நகைப்போர் அதனுள் நிற்கும் பழஞ்சொல்லைக் காண்பதில்லை. நம் பிள்ளைகளின் தமிழில் இந்தியோ மராத்தியோ கலந்து ஒலிக்கும்போதும் நாம் நகைத்துவிடலாகாது. நகைப்புக்கு அஞ்சிய பிள்ளை அம்மொழியில் பேசுவதையே நிறுத்திவிடும்.