ஏடும் எந்திரமும்: அலுவிகாரை வரலாறும் இன்றைய விரிவுரையாளர் பயிற்சியும்

கல்வியின் வரலாறு கற்பித்தவர்களின் வரலாறு மட்டுமன்று. அவர்கள் கையாண்ட கருவிகளின் வரலாறுமாகும். ஓதல், ஏடு, அச்சு எனக் கருவிகள் மாறிய காலந்தோறும் ஆசிரியன் தன் தொழிலை மீண்டும் கற்க வேண்டியவனானான். 2022 நவம்பர் 30ஆந் திகதி சட்ஜிபிடி என்னும் செயலி பொதுப்பாவனைக்கு விடப்பட்ட பின்னர், அத்தகைய மாற்றமொன்று பல்கலைக்கழகங்களின் வாயிலை எட்டியுள்ளது. கட்டுரை எழுதவும் நூலைச் சுருக்கவும் வினாவுக்கு விடை கூறவும் வல்ல ஆக்கச் செயற்கை நுண்ணறிவை வைத்துக்கொண்டு எவ்வாறு கற்பிப்பது என விரிவுரையாளருக்குப் பயிற்சியளிக்கும் முயற்சிகள் பல நாடுகளில் தொடங்கியுள்ளன. அப்பயிற்சியின் உட்பொருள் யாதாக இருத்தல் வேண்டும் என்பதே வினா. அவ்வினாவுக்கு ஒளிதரவல்ல பழைய நிகழ்ச்சியொன்று மாத்தளை மாவட்டத்துக்கு உரியது.

ஓதுவோரும் பஞ்சமும்

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ9 வீதியின் அருகே, பெரும்பாறைகளின் நடுவே அமைந்துள்ளது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவென்பது மரபு. வட்டகாமணி அபயன் காலத்தில் மூலமும் உரையும் எழுதப்பட்டன என்று தீபவம்சமும் மகாவம்சமும் கூறுகின்றனவேயன்றி இடத்தைச் சுட்டவில்லை. மாத்தளையைக் குறிப்பன பிற்கால நூல்களே.

அதற்கு முன்னர் அப்பெருந்தொகுதி முழுவதும் மனிதரின் நினைவில் வாழ்ந்தது. 'பாணகர்' எனப்பட்ட பிக்குகள் தீக நிகாயம், மஜ்ஜிம நிகாயம் எனப் பகுதிகளைத் தம்முட் பகிர்ந்துகொண்டு மனனஞ் செய்தனர், மாணாக்கருக்கு ஓதுவித்தனர். கூடி ஓதும்போது ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். அங்கு ஆசிரியனே நூல், நூலே ஆசிரியன்.

கி.மு. 103இல் வட்டகாமணி அரசிழந்தான். தமிழர் ஐவர் அடுத்தடுத்து அநுராதபுரத்தில் ஆண்டனர். ஏறத்தாழ 14 ஆண்டுகளின் பின், கி.மு. 89இல், அவன் மீண்டும் அரசெய்தினான். இக்காலத்தை யொட்டிக் கொடும்பஞ்சமொன்றும் நாட்டைப் பீடித்தது. பிக்குகள் பலர் கடல்கடந்தனர். எஞ்சியோர் கிழங்கும் இலையும் உண்டு, உடல் தளர்ந்த நிலையிலும் ஓதலைக் கைவிடாதிருந்தனர் என உரைநூல்கள் கூறும்.

அப்பஞ்சகாலம் பற்றி விநய உரை தரும் செய்தியொன்று மனங்கொள்ளற்பாலது. மகாநித்தேசம் என்னும் நூலை முழுமையாக அறிந்தவர் ஒரு கட்டத்தில் ஒரே ஒருவராக இருந்தார். அவரோ ஒழுக்கம் குன்றியவர். அவரிடம் பாடங்கேட்க மூத்த பிக்கு ஒருவர் முதலில் மறுத்தார். எனினும், நூல் அழிந்துவிடும் என்ற அச்சத்தால் ஈற்றில் அவரிடமே கற்றுக்கொண்டார். நூலைக் காக்கும் பொருட்டு ஆசிரியர் மாணாக்கராக அமர்ந்த நிகழ்ச்சி இது. ஏடாக்கத்தின் தேவையை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று வேறு வேண்டுவதில்லை.

எழுத்தாணியின் வருகை

ஏடு செய்தலும் எழுதலும் எளிய தொழில்களல்ல. தாளிப்பனையின் இளங்குருத்தோலையை அவித்து, உலர்த்தி, மெருகிட்டு, நறுக்கிச் சீர்செய்தல் வேண்டும். எழுத்தாணியாற் கீறிய எழுத்துகள் கண்ணுக்குத் தெளியா. கரியும் எண்ணெயும் கலந்து பூசித் துடைத்த பின்னரே அவை புலப்படும். இம்முறை அலுவிகாரையில் இன்றும் பார்வையாளருக்குச் செய்து காட்டப்படுகின்றது.

ஈண்டு நோக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, ஏட்டைக் கைக்கொண்டோர் ஓதலை அறியாதோரல்லர். அதில் முற்றத் தேர்ந்தோர். எதை எழுதுவது, எது சரியான பாடம் எனத் துணியும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது. இரண்டாவது, ஏடு வந்ததனால் ஓதல் ஒழிந்துவிடவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து உரைகளை ஆக்கிய புத்தகோசரும் பாணகர்தம் கருத்துகளை எடுத்தாளுகின்றார். காத்தற் பொறுப்பில் ஏடு பங்கேற்றது. விளக்கும் பொறுப்பு ஆசிரியனிடமே நின்றது.

இதற்கு முந்திய நூற்றாண்டுகளில் கிரேக்கத்திலும் இவ்வினா எழுந்ததுண்டு. எழுத்து நினைவை வளர்க்காது, மறதியையே வளர்க்கும்; கற்றவர் போன்ற தோற்றத்தைத் தரும் என எகிப்திய மன்னன் ஒருவன் அஞ்சியதாகப் பிளேட்டோ தம் பைட்ரஸ் என்னும் உரையாடலிற் கூறுகின்றார். அவ்வச்சம் முழுதும் பொய்யன்று, முழுதும் மெய்யுமன்று. கருவியின் பயன் அதைக் கையாளும் கல்விமுறையைப் பொறுத்தது.

1848: ஓரிழப்பும் ஓராக்கமும்

1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கில அரசு அடக்கியபோது அலுவிகாரையின் சுவடிச்சாலை அழிவுற்றது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதனையடுத்து அச்சியந்திரசாலையும் நிறுவினார். இவ்விரு நிகழ்ச்சிகளிடையே காரணத் தொடர்பு இல்லை. ஆயினும் அவை அருகருகே வைத்து எண்ணத்தக்கன. நாவலர் அச்சு எந்திரத்தைத் தருவித்ததோடு அமையவில்லை. மாணாக்கரின் படிநிலைக்கேற்பப் பாலபாடங்களை எழுதினார். பழைய நூல்களைப் பிழைநீக்கிப் பதிப்பித்தார். கருவி, பாடநூல், ஆசிரியன் என்னும் மூன்றையும் அவர் ஒருங்கே பேணினார்.

இம்மூன்றும் பிரிந்துநின்றால் நேரும் தீங்கை மாத்தளை, நுவரெலியா முதலிய மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகள் காட்டின. பெருந்தோட்டங்களிற் பள்ளி என்ற பெயர் இருந்தது. ஆனால், பயிற்சி பெறாத ஒற்றை ஆசிரியரே பல வகுப்புகளையும் ஒரே மண்டபத்தில் நடத்தும் நிலை நெடுங்காலம் நீடித்தது. 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்ற பின்னரும் ஆசிரியர் பயிற்சிக் குறை உடனே நீங்கவில்லை. கட்டடமும் புத்தகமும் மட்டும் கல்வியாகிவிடா என்பதற்கு இது சான்று.

இன்றைய கருவி

ஏட்டுக்கும் இன்றைய எந்திரத்துக்கும் அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. ஏடு தன்மேல் எழுதப்பட்டதையே திருப்பித் தரும். ஆக்கச் செயற்கை நுண்ணறிவோ பெருந்தொகையான எழுத்துகளிற் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கணித்து வாக்கியம் அமைப்பது; எனவே எவரும் எழுதாததையும் அது தரும். இல்லாத நூலை இருப்பதாகவும் நிகழாததை நிகழ்ந்ததாகவும் தடுமாற்றமின்றிக் கூறும். பயிற்சிக்குக் கிடைத்த எழுத்து ஆங்கிலத்திலும் மிகக் குறைவாகையால், தமிழில் அதன் பிழைகள் மிகுதல் இயல்பு. பாணகர் பிழைத்தால் திருத்த உடனோதுவோர் இருந்தனர். எந்திரத்தின் கூற்றுக்கு விடையிறுப்பவர் எவருமிலர். அப்பொறுப்பை ஏற்க வேண்டியவர் விரிவுரையாளரே.

உலகம் இதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. 450க்கு மேற்பட்ட பாடசாலைகளையும் பல்கலைக்கழகங்களையும் உள்ளடக்கி யுனெஸ்கோ 2023இல் நடத்திய ஆய்வில், இதுகுறித்த கொள்கையோ முறையான வழிகாட்டலோ உடையவை 10 சதவீதத்துக்கும் குறைவு எனத் தெரியவந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் யுனெஸ்கோ வழிகாட்டி நூலொன்றையும், 2024இல் ஆசிரியருக்கான திறன் சட்டகமொன்றையும் வெளியிட்டது. அச்சட்டகம் 15 திறன்களை வகுக்கின்றது. மனிதனை மையமாகக் கொண்ட நோக்கையும் அறநெறியையும் முதலில் வைத்து, கருவியறிவைப் பின்னர் வைக்கின்றது. இவ்வொழுங்கு அலுவிகாரையின் ஒழுங்கை ஒத்தது.

பயிற்சி இன்மையால் விளையும் அநீதிக்கும் சான்றுண்டு. எழுத்து எந்திரத்தினதா மனிதனதா எனக் கண்டறியும் செயலிகளைச் சில ஆசிரியர் நம்பினர். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வாளர் 2023இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய 91 கட்டுரைகளை அத்தகைய செயலிகள் ஏழிடம் கொடுத்தனர். மனிதர் எழுதிய அக்கட்டுரைகளுள் சராசரியாக 61 சதவீதத்தை அவை எந்திரத்தின் எழுத்தெனத் தவறாகக் கூறின. அவ்வாண்டு யூலையில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் தான் வெளியிட்ட அத்தகைய செயலியைத் துல்லியக் குறைவு காரணமாக மீளப்பெற்றது. மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்து, எளிய ஆங்கிலத்தில் தன் ஒப்படையைத் தானே எழுதும் மாணவி இத்தகைய குற்றச்சாட்டுக்கு இலகுவில் ஆளாகக்கூடியவள். அவளைக் காக்க வல்லது செயலியன்று. அவளோடு அமர்ந்து, எழுதியதை விளக்கச் சொல்லிக் கேட்கத் தெரிந்த ஆசிரியரே.

பயிற்சியின் உட்பொருள்

இலங்கையிற் புதிதாக நியமனம் பெறும் விரிவுரையாளருக்குக் கற்பித்தற் பயிற்சி அளிக்கும் அலுவலர் மேம்பாட்டு நிலையங்கள் பல்கலைக்கழகங்களில் உள்ளன. அந்நெறிகளில் இக்கருவிக்கும் இடம் வேண்டும். அது எந்த விசையை அழுத்துவது என்னும் அளவில் நின்றுவிடலாகாது. மாணவர் எதைத் தம் முயற்சியாலேயே செய்து பழக வேண்டும், எதைக் கருவியிடம் விடலாம் என அவ்வப்பாடத்துக்கு ஏற்பத் துணிதல்; எந்திரம் தந்த விடையை மூலநூலோடு ஒப்பிட்டுப் பிழை காணும் பயிற்சியை வகுப்பறைக்குக் கொணர்தல்; எழுத்தொப்படையோடு வாய்மொழி வினாவையும் சேர்த்தல் ஆகியன அதன் கூறுகளாகலாம். ஆசிரியரிடங் கேட்டும் உடன்கற்போருடன் பயின்றும் பிறர்க்கு உரைத்துமே கல்வி நிறைவுறும் என நன்னூற் பொதுப்பாயிரம் வகுத்த நெறிக்கும் இது அயலன்று. மூத்த பேராசிரியர் தம் மாணவரிடமிருந்தே கருவியைப் பயில நேரினும் அது இழுக்கன்று. மகாநித்தேசத்தைக் கற்க அமர்ந்த மூத்த பிக்கு அதற்கு வழிகாட்டியுள்ளார்.

ஏட்டைக் கண்டு அஞ்சி எழுதாது விட்டிருந்தால் நூல் அழிந்திருக்கும். ஏடு இருக்கிறதென்று ஓதலையும் விளக்கலையும் விட்டிருந்தால் நூலின் பொருள் அழிந்திருக்கும். இவ்விரு அழிவுகளையும் தவிர்த்தவர் ஆசிரியரே. இன்றைய பயிற்சி நெறிகளும் அத்தகைய ஆசிரியரை உருவாக்குமாயின், எந்திரம் கல்விக்குத் துணையாகும்.