ஃபார்மட் செய்தால் அழிந்துவிடுமா?



"லேப்டாப்பை விக்கப்போறேன் சார், ஃபார்மட் பண்ணிட்டேன், இனி பயமில்லையே?" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டதால் வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன்.

பள்ளி நூலகத்தின் புத்தகப் பட்டியலைக் கிழித்துப் போட்டால் புத்தகங்கள் மறைந்துவிடுமா? அலமாரியிலேயேதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் 'குயிக் ஃபார்மட்' செய்வதும் இதுதான். பட்டியல் மட்டும் புதிதாகிறது. பழைய தகவல், அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும்.

1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5-இல் 'அன்ஃபார்மட்' என்றே ஒரு கட்டளை இருந்தது. கைதவறி ஃபார்மட் செய்தவர்கள் அதைக் கொண்டு மீட்டார்கள். அழியாதது அன்று வரமாக இருந்தது.

பழைய கணினிகள் கைமாறத் தொடங்கியதும் அதுவே ஆபத்தாயிற்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் 2000 முதல் 2002 வரை 158 பழைய டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்தார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே! மற்றவற்றில் 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் இருந்தன. ஒரு டிஸ்க் ஏ.டி.எம். இயந்திரத்திலிருந்து வந்தது. 2003-இல் இதை வெளியிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. 1996-இல் பீட்டர் கட்மன் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, 35 முறை மேலெழுதினால்தான் அழியும் என்று பலர் நம்பினார்கள். பல பழைய டிஸ்க் வகைகளைச் சேர்த்துச் சொன்ன கணக்கு அது என்று அவரே பின்னர் விளக்கினார். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு முழுவதும் ஒருமுறை மேலெழுதினால் போதும்.

விண்டோஸ் எக்ஸ்பி வரை முழு ஃபார்மட்கூட டிஸ்க்கில் பழுதைத்தான் தேடியது. 2007-இல் வந்த விஸ்டா முதல்தான் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியங்களை எழுதுகிறது.

ஆகவே விற்குமுன் 'குயிக்' என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, முழு ஃபார்மட் செய்யுங்கள். சில மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும். எஸ்.எஸ்.டி. என்றால் மேலெழுதினாலும் ஏதாவது தப்பிவிடக்கூடும். அதைத் தயாரித்த நிறுவனம் தரும் அழிப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். சந்தேகமாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு லேப்டாப்பை மட்டும் விற்றுவிடுங்கள். கொஞ்சம் விலை குறையும். உங்கள் ஆதார் நகலும் பிள்ளைகளின் படங்களும் வீட்டோடு இருக்கும்.