'வண்டி தூரத்துலதானே வருது!' - வயதானவர்களின் கணக்கு ஏன் தப்புகிறது?

விழுப்புரம் மாவட்டம் வல்லம் ஒன்றியத்து கிராமங்களில் இருந்து திண்டிவனத்துக்கோ செஞ்சிக்கோ பஸ் ஏற வேண்டுமென்றால், பெரியவர்கள் பலர் ரோட்டைக் கடந்தாக வேண்டும். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். ஆனாலும், பாதி ரோட்டில் வண்டி நெருங்கிவிடுகிறது. ஏன்?

மூளை போடும் கணக்கு

எதிரே வரும் வண்டி நெருங்க நெருங்க, கண்ணுக்குள் விழும் அதன் உருவம் பெரிதாகும். அது எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பதை வைத்தே, வந்து சேர எத்தனை நொடி ஆகும் என்று மூளை கணிக்க முடியும். 1976-ல் உளவியல் ஆய்வாளர் டேவிட் லீ இதை விளக்கினார். சிக்கல் என்னவென்றால், வண்டி தூரத்தில் இருக்கும்போது இந்த மாற்றம் ரொம்பக் கம்மி. கிட்ட வந்த பிறகுதான் சட்டென்று பெரிதாகும்.

வயதானால் என்ன ஆகும்?

கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும், உள்ளே போகும் வெளிச்சம் குறையும். கண்புரை இருந்தால் இன்னும் மங்கல். அசைவை உணரும் மூளையின் திறனும் மந்தமாகிறது. அதனால் வயதானவர்கள் வேகத்தைவிட தூரத்தையே அதிகம் நம்பி முடிவெடுக்கிறார்கள் என ஆய்வுகள் சொல்கின்றன.

இதில் என்ன ஆபத்து?

100 மீட்டர் தூரத்தில் வரும் வண்டி 40 கி.மீ. வேகத்தில் வந்தால் 9 நொடி கிடைக்கும். அதுவே 80 கி.மீ. என்றால் நாலரை நொடிதான். 7 மீட்டர் அகல ரோட்டை மெதுவாக நடந்து கடக்க கிட்டத்தட்ட 9 நொடி ஆகும். தூரம் ஒன்றுதான், ஆனால் நேரம் பாதி!

பைக் இன்னும் சிக்கல். உருவம் சின்னது என்பதால், லாரியைவிட தாமதமாக வரும் என்று தோன்றும். இரவில் ஒற்றை ஹெட்லைட் மட்டும் தெரிந்தால் கணிப்பது மேலும் கஷ்டம்.

என்ன செய்யலாம்?

அட்டையில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டால் மட்டும் போதாது; அந்த எழுத்து அசைவதில்லையே! புரை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். ஆபரேஷன் மங்கலை நீக்கும். மூளையின் வேகத்தைக் கூட்டாது. அதனால் 'போயிடலாம்' என்று தோன்றினாலும் அந்த ஒரு வண்டியை விட்டுவிட்டுக் கடப்பதே நல்லது. வண்டி ஓட்டுபவர்களும், ரோட்டோரம் பெரியவர் நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அவர் நம்மைப் பார்த்திருப்பார். நம் வேகத்தைப் பார்த்திருக்க மாட்டார்.