காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சுவர்

பழைய கார் எஞ்சின் ஒன்றின் மேல்பகுதியை, மெக்கானிக்குகள் ‘ஹெட்’ என்று சொல்லும் அந்தக் கனமான வார்ப்பை, குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு வகைச் சுரங்கங்கள் தெரியும். ஒன்று காற்றுக்கானது. பெட்ரோல் கலந்த காற்று சிலிண்டருக்குள் போவதும் எரிந்த புகை வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். அதை போர்ட் என்பார்கள். இன்னொன்று தண்ணீருக்கானது. ரேடியேட்டரிலிருந்து வரும் தண்ணீர் ஹெட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும் பாதை. இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வார்ப்பிரும்புச் சுவர். அவ்வளவுதான்.

எஞ்சின்களின் வரலாறு என்று நாம் வாசிப்பதில் பெரும்பகுதி காற்றுப் பாதையின் வரலாறு. யார் அதைப் பெரிதாக்கினார், யார் வளைவை மாற்றினார், எத்தனை குதிரைத்திறன் கூடியது, எந்தப் பந்தயத்தில் ஜெயித்தது. அந்தச் சுவரைப் பற்றியோ, அது ஓட்டையானபோது உட்கார்ந்து அடைத்தவர்களைப் பற்றியோ யாரும் பெரிதாக எழுதியதில்லை. எனக்கு அவர்கள்மேல்தான் ஆர்வம்.

காற்றிலிருந்தே ஆரம்பிப்போம். ஹாரி வெஸ்லேக் 1897இல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் பிறந்தவர். எஞ்சினுக்குள் காற்று எப்படிப் போகிறது என்பதை ஊகிக்காமல் அளந்து பார்த்த முன்னோடிகளில் ஒருவர். ஹெட்டைத் தனியாகக் கழற்றி வைத்து, ஒவ்வொரு போர்ட் வழியாகவும் காற்றைச் செலுத்தி, எவ்வளவு போகிறது என்று குறித்தார். 1920களில் பென்ட்லி நிறுவனத்துக்கு வேலை செய்தார். 1930களில் வில்லியம் லயன்ஸ் தன் எஸ்எஸ் கார்களுக்காக அவரிடம் வந்தார். 70 சொச்சம் குதிரைத்திறன் கொடுத்துக்கொண்டிருந்த எஞ்சினுக்கு வெஸ்லேக் புதிய ஹெட் வடிவமைத்தார். அது 100ஐத் தாண்டியது. 1935இல் ‘ஜாகுவார்’ என்ற பெயரோடு வெளிவந்த முதல் கார் அந்த எஞ்சினோடுதான் வந்தது.

அளந்ததில் தெரிந்த முக்கியமான பாடம் ஒன்று உண்டு. போர்ட் பெரிதாக இருந்தால் போதாது, கண்ணாடி மாதிரி மினுங்கினாலும் போதாது. வளைவு சரியாக இருக்கவேண்டும். காற்று ஒரு முனையில் திரும்பமுடியாமல் சுவரை விட்டு விலகினால், எவ்வளவு அகலப் பாதை இருந்தும் பிரயோஜனமில்லை.

இந்த வெஸ்லேக் நமக்குத் தூரத்து மனிதர் இல்லை. ஆஸ்டின் நிறுவனத்தின் ஏ-சீரீஸ், பி-சீரீஸ் எஞ்சின்களின் இதய வடிவ எரியறை அவருடைய யோசனை. ஏ-சீரீஸ் 1959இல் வந்த மினி காருக்குள் போனது. 1489 சிசி பி-சீரீஸ் நம் ஊர் அம்பாசடருக்குள் வந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் அச்சில் பிறந்த அம்பாசடர் முதலில் பழைய பக்கவால்வு எஞ்சினோடுதான் ஓடியது. பிறகு வந்த இந்த மேல்வால்வு எஞ்சின்தான் அமைச்சர்களையும் கல்யாண மாப்பிள்ளைகளையும் பிரசவ வலியெடுத்தவர்களையும் பல பத்தாண்டுகள் சுமந்தது.

இந்த இரண்டு எஞ்சின்களுக்கும் ஒரு வினோதம் உண்டு. நான்கு சிலிண்டருக்கு எட்டு போர்ட் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்துதான். உள்ளே போக இரண்டு, வெளியே வர மூன்று. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே வாசலைப் பங்குபோட்டுக்கொள்ளும், கூட்டுக்குடும்ப வீடு மாதிரி. போதாததற்கு வால்வைத் தள்ளும் புஷ்ராடுகளும் அதே பக்கம் மேலேறிப் போகின்றன. ஆக, போர்ட்டை அகலப்படுத்த நினைப்பவருக்கு ஒரு பக்கம் புஷ்ராடு துளை, மற்ற பக்கங்களில் தண்ணீர்.

ஆனாலும் அகலப்படுத்தினார்கள். 1960களில் வில்ட்ஷயரின் டவுன்டன் கிராமத்தில் டேனியல் ரிச்மண்ட் என்பவர் மினி ஹெட்டுகளைக் கையால் குடைந்து கொடுத்தது பெரும் புகழ் பெற்றது. மினி கூப்பர் எஸ் கார்கள் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றபோது, இந்தச் சின்ன எஞ்சினுக்குள் இன்னும் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்ற ஆசை உலகம் முழுக்கப் பரவியது. ஒரு கிரைண்டரும் பொறுமையும் இருந்தால் போதும் என்று பலர் இறங்கினார்கள்.

அங்கேதான் சுவர் குறுக்கே வருகிறது. ஹெட் வார்க்கும்போது போர்ட்டுக்கு ஒரு மண் கோர், தண்ணீர்ப் பாதைக்கு ஒரு மண் கோர் என்று அச்சுக்குள் தனித்தனியாக வைப்பார்கள். உருக்கிய இரும்பு அவற்றைச் சுற்றிப் பாயும்போது கோர் துளி நகர்ந்தாலும் ஒரு பக்கச் சுவர் தடிக்கும், எதிர்ப்பக்கம் மெலியும். ஆக, ஒரே எண் பொறித்த இரண்டு ஹெட்டுகள் உள்ளே ஒன்றாக இருக்காது. குடைகிறவருக்குத் தெரிவது காற்றுப் பக்கம் மட்டும். மறுபக்கத்தில் இன்னும் எவ்வளவு இரும்பு மிச்சம் என்று அவருக்குத் தெரியாது.

நம் ஊரில் இன்னொரு கதையும் சேர்ந்துகொள்ளும். அம்பாசடர் ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றியவர்கள் குறைவு. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், அவசரத்துக்குக் குளத்துத் தண்ணீர். உப்பு படிந்தது, துரு அரித்தது. ஐம்பது வருடமாகத் தண்ணீரும் தன் பங்குக்குச் சுவரைக் குடைந்துகொண்டுதான் இருந்தது.

என் நண்பர் ஒருவரின் மார்க் 2 அம்பாசடருக்கு இதுதான் நடந்தது. எங்கோ கொடுத்து ஹெட்டை போர்ட்டிங் செய்து வாங்கினார். வண்டி நன்றாகவே இழுத்தது. மூன்று மாதத்தில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. காலையில் கிளப்பினால் வெள்ளைப் புகை. பிளக்குகளைக் கழற்றியபோது மூன்றாவது மட்டும் துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது, நீராவி கழுவிவிட்ட சுத்தம். கேஸ்கெட் மாற்றியும் நிற்கவில்லை. இதை இழுத்தடித்தால் ஆபத்து. இரவில் நின்ற வண்டியில் தண்ணீர் கசிந்து சிலிண்டரில் தேங்கிவிட்டால், காலையில் பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

வேறு ஹெட் வாங்கலாமே என்று கேட்கலாம். அம்பாசடரே 2014இல் நின்றுவிட்டது. பழைய இரும்புக் கடையில் கிடைப்பதும் இதே அளவு அரித்துப்போனதாகத்தான் இருக்கும். இருப்பதைப் பிழைக்கவைத்தாக வேண்டும்.

உடைந்த வார்ப்பிரும்பைப் பிழைக்கவைக்க முடியுமா என்பதே ஒரு காலத்தில் சந்தேகமாக இருந்தது. அதில் கார்பன் அதிகம். சூடாக்கிச் சட்டென ஆறவிட்டால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி விரியும். இந்தச் சந்தேகத்தை அசைத்தது ஒரு போர். 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியபோது, அதன் துறைமுகங்களில் முடங்கிக்கிடந்த ஜெர்மன் கப்பல்களைக் கைப்பற்றியது. அதற்குள் ஜெர்மன் மாலுமிகள் நீராவி எஞ்சின்களின் பிரம்மாண்டமான வார்ப்பிரும்புச் சிலிண்டர்களை அடித்து நொறுக்கியிருந்தார்கள். புதிதாக வார்த்துக் கொண்டுவரக் காலம் போதாது. அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர்கள் மின்சார வெல்டிங்காலும் இரும்புப் பட்டைகளாலும் அவற்றை ஒட்டவைத்தார்கள். ஜெர்மனி உடைத்துப்போட்ட கப்பல்களே அமெரிக்கச் சிப்பாய்களை ஐரோப்பாவுக்கு ஏற்றிப்போயின.

அடுத்த படி 1930களில், டெக்சாஸ் எண்ணெய் வயல்களில். அங்கே நெருப்பு பற்றவைக்கவே முடியாது. அதனால் சூடே இல்லாமல், விரிசலுக்குக் குறுக்கே துளைபோட்டு உலோகச் சாவிகளை அடித்து இறக்கித் துணி தைப்பது மாதிரி இரும்பைத் தைத்தார்கள். மெட்டலாக் என்ற பெயரில் அந்த முறை பிறகு பல நாடுகளுக்கும் போனது.

நண்பரின் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போனது கோயமுத்தூர் கணபதிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்கு. அங்கிருந்த பெரியவர் தண்ணீர்ப் பாதையின் வாய்களையெல்லாம் ரப்பர் வைத்துத் தகட்டால் அடைத்து, ஒரு வழியில் காற்றை ஏற்றி, ஹெட்டைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் இறக்கினார். மூன்றுக்கும் நான்குக்கும் பொதுவான இன்லெட் போர்ட்டிலிருந்து குமிழி வரிசையாக வந்தது. வாயிலிருந்து இரண்டு விரல் ஆழத்தில், கடுகு அளவு ஓட்டை.

“தைச்சுரலாமுங்களா?” என்று கேட்டேன், படித்த ஜோரில்.

“தைக்கறதுக்குத் துணி வேணுமில்ல தம்பி? சுத்தியும் அப்பளமாட்டம் இருக்குது. இதுல எங்க மரை போடறது?”

இரும்பு வெல்டிங் என்றால் மொத்த ஹெட்டையும் செந்தணலாக்க வேண்டும், விரிசல் விடலாம். எம்-சீல் மாதிரிப் பசை கொஞ்ச நாள் நிற்கும், ஒருநாள் பெயர்ந்து சிலிண்டருக்குள் போகும். மிச்சம் பித்தளைதான். பித்தளை இரும்பைவிடக் குறைந்த சூட்டில் உருகும். ஓட்டையை அடைப்பதோடு மெலிந்த சுவரின் மேல் ஒரு புதிய சுவராகவும் படியும். இன்லெட் பக்கம் என்பதால் புகையின் சூடும் அதைத் தொடாது.

துருவைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யவே அரைநாள் போனது. பிறகு கரியடுப்பில் முழு ஹெட்டையும் மெல்லச் சூடேற்றி, கேஸ் விளக்கால் பித்தளையை ஊற்றி, அப்படியே சாம்பலுக்குள் புதைத்தார். “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் தொடக்கூடாது.” ஆறிய பிறகு மறுபடி தொட்டி. குமிழி இல்லை. சூட்டில் ஹெட் லேசாக வளைந்திருந்ததால் அடிப்பக்கத்தைப் பேஸிங் போட்டு, வால்வு சீட்டுகளையும் புதிதாக வெட்டச் சொன்னார்.

போர்ட்டுக்குள் பித்தளை ஒரு மேடாக நின்றது. நண்பருக்கு முகம் சுருங்கியது. மற்ற போர்ட் மாதிரியே சமமாகக் குடைந்துவிடச் சொன்னார். பெரியவர் ஓரங்களை மட்டும் சரிவாக்கிவிட்டுக் கிரைண்டரை அணைத்தார்.

“காத்து வளைஞ்சு போயிக்கும் தம்பி. தண்ணி வந்துதுன்னா வண்டி போயிரும்.”

வெஸ்லேக் இதை மறுத்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். சரிவான ஒரு மேட்டைக் காற்று தழுவிக்கொண்டு போகும், செங்குத்தான முனையைத்தான் அதனால் தாண்டமுடியாது. அந்த மனிதர் காற்றை அளந்ததில்லை. ஓரத்தை எங்கே சரிக்கவேண்டும் என்று மட்டும் கைக்குத் தெரிந்திருந்தது.

இன்று சுவரின் கனத்தை ஒலியலைக் கருவியால் வெளியிலிருந்தே அளக்கலாம். அதற்கு முந்தைய தலைமுறை வேறு வழி கண்டிருந்தது. குடைந்து ஓட்டையாகி உதவாமல்போன ஹெட்டுகளை வாளால் துண்டு துண்டாக அறுத்து, எங்கே இரும்பு மிச்சம், எங்கே இல்லை என்று பார்த்துவைத்தார்கள். எங்கே நிறுத்தவேண்டும் என்று இன்று குடைகிறவருக்குத் தெரிவது, முன்னால் யாரோ நிறுத்தாமல் போனதால். யார் யார் என்று எந்தப் பந்தயப் புத்தகத்திலும் இல்லை. அடைத்துக்கொடுத்தவர்களின் பெயரும் இல்லை. நண்பரின் அம்பாசடர் இப்போதும் ஓடுகிறது, நான்கு சிலிண்டரில் இரண்டு பித்தளை மேட்டைத் தடவிக்கொண்டு மூச்சு வாங்குகின்றன.