முனைவர் பட்டம் இன்றி நோபல் பரிசு: கெர்ட்ரூட் எலியனின் மருந்துத் தேடல்

மருத்துவமனையில் நாம் வாங்கி வரும் ஒரு மாத்திரைக்குப் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. தொழிற்சாலையில் மருந்து தயாராவதற்கும், நோயாளிக்குக் கொடுத்துச் சோதிப்பதற்கும் முன்னால் ஒரு கட்டம் உண்டு. எந்தப் பொருள் மருந்தாகும் என்றே தெரியாமல் ஆய்வுக்கூடத்தில் தேடுகின்ற கட்டம் அது. அங்கே உருவாக்கப்படும் பொருள்களில் மிகப் பெரும்பாலானவை பயன்படாமலே போகும். அந்தத் தேடலிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அமெரிக்க விஞ்ஞானி கெர்ட்ரூட் எலியன்.

1918ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், குடியேறிய யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 15 வயதில் தம் அன்புக்குரிய தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டார். இந்நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற உறுதி அப்போதே அவர் மனத்தில் விழுந்தது. 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியில் தந்தை பணத்தை இழந்திருந்தார். கட்டணம் இல்லாத ஹண்டர் கல்லூரியில் இடம் கிடைத்ததால்தான் அவரது படிப்பு தொடர்ந்தது.

1937இல் வேதியியலில் உயர் தேர்ச்சி பெற்று வெளியே வந்தவருக்கு ஆய்வுக்கூடங்களின் கதவு திறக்கவில்லை. ஒரு நேர்காணலில், பெண் ஒருவர் இருந்தால் மற்றவர்களின் கவனம் சிதறும் என்று காரணம் சொன்னார்கள். செயலாளர் பயிற்சிக்குச் சென்றார். தாதியருக்குப் பாடம் நடத்தினார். ஓர் ஆய்வுக்கூடத்தில் முதலில் ஊதியம் இல்லாமலே வேலை செய்தார். பகலில் பள்ளி ஆசிரியர், மாலையில் பல்கலைக்கழக மாணவி என்று உழைத்து 1941இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அவர் மணக்கவிருந்தவர் இதயத்தில் ஏற்பட்ட கிருமித் தொற்றால் இறந்தார். அந்தத் தொற்றைக் குணப்படுத்தக்கூடிய பெனிசிலின் அப்போது பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. மருந்து சில ஆண்டுகள் தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதை அவர் தம் வாழ்க்கையிலேயே அறிந்துகொண்டார்.

போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குச் சென்றதால் பெண்களுக்கு வாய்ப்பு வந்தது. ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலையில் இருந்த எலியன், 1944இல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸின் உதவியாளராகச் சேர்ந்தார். வேலை முடிந்ததும் நெடுந்தூரம் பயணம் செய்து இரவு வகுப்பில் முனைவர் பட்டத்துக்குப் படித்தார். முழுநேர மாணவியாக வந்தால்தான் தொடரலாம் என்று கல்லூரி கூறியபோது, பட்டமா ஆய்வா என்ற கேள்வி எழுந்தது. அவர் ஆய்வைத் தேர்ந்தெடுத்தார்.

அக்காலத்தில் கையில் கிடைத்த பொருள்களை எல்லாம் நோயின்மீது போட்டுப் பார்ப்பதே வழக்கம். ஹிட்சிங்ஸும் எலியனும் வேறு கேள்வி கேட்டார்கள்: நோயுற்ற உயிரணு பெருகுவதற்கு எது தேவை? உயிரணு பிரிவதற்கு டிஎன்ஏவைப் புதிதாகக் கட்ட வேண்டும். அந்தக் கட்டடத்துக்கான செங்கல் போலவே தோன்றும் போலிச் செங்கல் ஒன்றைக் கொடுத்தால் வேலை நின்றுவிடும் அல்லவா? இயற்கைப் பொருள் ஒன்றில் உள்ள ஆக்ஸிஜன் அணுவுக்குப் பதிலாகக் கந்தக அணுவை வைத்து எலியன் உருவாக்கியதே மெர்காப்டோபியூரின். 1951க்குள் இவ்வகைப் பொருள்கள் நூற்றுக்கு மேல் சோதிக்கப்பட்டிருந்தன.

இரத்தப் புற்றுநோயால் சாகும் நிலையில் இருந்த குழந்தைகள் இம்மருந்தால் எழுந்து நடந்தார்கள். 1953இல் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் நோய் திரும்பி வந்தது. பல குழந்தைகள் இறந்தார்கள். அது எலியனை மிகவும் வருத்தியது. எனினும் அவர் தேடலைக் கைவிடவில்லை. பின்னர் வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, அந்த நோயிலிருந்து குழந்தைகளை மீட்கும் சிகிச்சையில் அது ஒரு தூணாக நின்றது.

ஒரு மருந்து இன்னொன்றுக்கு வழிகாட்டியது. அதன் வழியில் பிறந்த அசாதியோபிரின், பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுத்தது. 1962இல் உறவினர் அல்லாதவரின் சிறுநீரகம் அதன் துணையோடு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. மெர்காப்டோபியூரின் உடலில் சிதைவதைத் தடுக்கத் தேடிய அலோபியூரினால், கீல்வாதத்துக்குக் காரணமான யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தாயிற்று. அடுத்து, 1970களில் எலியனின் குழு கொண்டுவந்த அசைக்ளோவிர், ஹெர்பிஸ் கிருமி புகுந்த உயிரணுவில் மட்டுமே முழுமையாகச் செயல்படத் தொடங்கும். நல்ல உயிரணுவைக் கெடுக்காமல் வைரஸை அழிக்க முடியாது என்ற நம்பிக்கையை அது தகர்த்தது.

1988இல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் எலியனுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர் படித்துப் பெறாத முனைவர் பட்டத்தைப் பல பல்கலைக்கழகங்கள் மதிப்புறு பட்டமாக வழங்கின. 1999இல் அவர் மறைந்தார். மேலே சொன்ன நான்கு மருந்துகளும் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

கதவு மூடியபோது எலியன் திறமையைக் குறைத்து எண்ணவில்லை; கிடைத்த சிறு வேலையையும் இழிவாக எண்ணவில்லை. வாய்ப்பு மறுக்கப்பட்ட பெண் ஒருவரால் இத்தனை மருந்துகள் கிடைத்தன என்றால், வாய்ப்பே கிடைக்காமல் போனவர்களால் உலகம் எத்தனை மருந்துகளை இழந்திருக்கும்? அறிவியல் படிக்க விரும்பும் மகளை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.