கை நிறுத்தியது, கால் அறிவித்தது: பழைய மோட்டார் சைக்கிள்களின் முன் பிரேக்கும் பிரேக் விளக்கு ஸ்விட்சும்

1960களில் சென்னைத் திருவொற்றியூரில் உருவான ஒரு ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் பிரேக் விளக்கிலிருந்து புறப்படும் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், அது இடப்பக்கக் கால்மிதியின் அருகே ஒரு சுருள்கம்பியோடு கட்டப்பட்ட சிறு ஸ்விட்சில் போய் முடியும். முன் பிரேக் பிடிக்கும் கைப்பிடிக்கும் அந்த விளக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அக்கால மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் இதே ஏற்பாடுதான். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. நிற்கப்போகிறது என்று பின்னால் வருபவருக்குச் சொல்லும் வேலை மட்டும் பின் சக்கரத்தின் மிதியிடம் இருந்தது. இந்தப் பிரிவு தற்செயலானதல்ல என்பதும், முன் பிரேக்கை நம்பத் தயங்கிய ஒரு காலத்தின் எச்சம் என்பதும் இக்கட்டுரையின் வாதம். ஆகவே பழைய வண்டியின் முன் பிரேக்கைச் சீராக்குகிறவர் ஸ்விட்சை அப்படியே விட்டுவிட்டால், வேலையில் பாதியைத்தான் முடித்திருக்கிறார்.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. தொடக்க கால மோட்டார் சைக்கிள் என்பது என்ஜின் பொருத்திய சைக்கிள்தான்; அதன் முன் பிரேக்கும் சைக்கிளுக்குரியது போல விளிம்பை உரசும் கட்டைகளாகவே இருந்தது. மண்ணும் சரளையும் ஈரமும் கலந்த சாலையில் முன் சக்கரம் இறுகினால் வண்டி சரியும். பின் சக்கரம் இறுகினால் வால் ஆடுமே தவிர, ஓட்டுநர் சமாளித்துக்கொள்வார். அனுபவம் கற்றுத் தந்த அச்சம் அது. 1902இல் லூயி ரெனோ காருக்கு உருவாக்கிய டிரம் பிரேக் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்துக்குப் பரவலாக வந்து சேர இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஹார்லி டேவிட்சன் தன் வண்டிகளுக்கு முன் பிரேக் வைத்ததே 1928ஆம் ஆண்டு மாதிரியில்தான். அதற்கு முன் அந்தக் கனமான வண்டிகள் பின் சக்கரத்தை மட்டுமே நம்பி நின்றன.

ஆனால் இயற்பியல் அச்சத்தோடு உடன்படவில்லை. புல்லட்டின் இரு அச்சுகளுக்கும் இடையே சுமார் 1,370 மி.மீ. ஓட்டுநரையும் சேர்த்து எடை மையம் தரையிலிருந்து 600 மி.மீ. உயரத்தில் இருப்பதாகவும், நிற்கும்போது மொத்த எடையில் 45 சதவீதம் முன் சக்கரத்தின் மேல் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 மடங்கு என்ற அளவில் வேகத்தைக் குறைத்தால், மேலும் 26 சதவீதம் எடை முன்னோக்கிச் சாய்கிறது. அப்போது முன் சக்கரம் 71 சதவீதத்தைத் தாங்குகிறது, பின் சக்கரத்துக்கு மிஞ்சுவது 29. எடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் டயருக்குப் பிடிப்பு. பலமாக நிறுத்த நிறுத்தப் பின் பிரேக்கின் பங்கு சுருங்கிக்கொண்டே போகிறது. சாலைகள் தார் பூசப்பட்டு என்ஜின்களும் வலுத்தபின் இந்தக் கணக்கை யாராலும் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

டிரம் பிரேக்கின் வளர்ச்சி முழுவதும் இந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்கும் முயற்சிதான். சாதாரண டிரம்மில் இரண்டு ஷூக்கள், அவற்றை விரிக்க ஒரு கேம். சுழலும் டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் அழுந்த வைக்கும். அது லீடிங் ஷூ. மற்றதை அதே சுழற்சி விலக்கித் தள்ளும். அது டிரெய்லிங் ஷூ. உழைப்பில் பெரும்பங்கு முதலாவதற்கே. வின்சென்ட் நிறுவனம் 1930களிலேயே முன் சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு டிரம் வைத்து, நடுவே ஒரு சமன்கோலால் இரண்டையும் இழுக்கச் செய்தது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் ராயல் என்ஃபீல்டும் 1950களில் 6 அங்குல டிரம்கள் இரண்டைச் சேர்த்துப் பொருத்தியது. இன்னொரு வழி, ஆளுக்கொரு கேம் கொடுத்து இரண்டு ஷூக்களையுமே லீடிங் ஷூக்களாக்குவது. ட்ரையம்ஃப் 1968ஆம் ஆண்டு மாதிரியின் 8 அங்குல டிரம்மில் இதைச் செய்தது. பிற்காலச் சென்னைப் புல்லட்டில் வந்த 7 அங்குல ட்வின் லீடிங் டிரம்மும் இதே வகை. இதற்கு ஒரு குறை உண்டு. மேட்டில் நிற்கும்போது வண்டி பின்னோக்கி உருள முனைந்தால் இரண்டு ஷூக்களும் ஒரே நேரத்தில் டிரெய்லிங் ஆகிவிடும். முன் பிரேக் கைவிடும். அடுத்தது டிஸ்க் பிரேக். 1962இல் லாம்ப்ரெட்டா டி.வி. 175 ஸ்கூட்டரின் முன் சக்கரத்தில் கேபிளால் இயங்கும் டிஸ்க் வந்தது. 1969இல் ஹோண்டா சி.பி. 750 எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்கைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு அது மெதுவாகவே வந்தது. வெளிநாட்டில் டிஸ்க்கோடு விற்ற யமஹா ஆர்.டி. 350, 1983இல் ராஜ்தூத் 350 ஆக இங்கே வந்தபோது முன்னால் டிரம்தான் இருந்தது.

இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் பிரேக் விளக்கு எங்கே நின்றது? கால்மிதியிலேயே நின்றது. 1960களின் இறுதியில் பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றின் முன் கேபிளுக்கு நடுவே ஒரு ஸ்விட்ச் வரத் தொடங்கியது. டிஸ்க் வந்தபின் எண்ணெய் அழுத்தமே ஸ்விட்சை இயக்கும்படி செய்வது எளிதாயிற்று. சட்டமோ பின்தங்கியே வந்தது. பிரிட்டனின் வாகனத் தகுதிச் சோதனையில் 1986 ஏப்ரல் 1க்கு முன் பயன்பாட்டுக்கு வந்த மோட்டார் சைக்கிளுக்கு ஏதாவது ஒரு பிரேக்கில் விளக்கு எரிந்தாலே போதும். அதற்குப் பிந்தியவற்றுக்குத்தான் இரண்டிலும் எரிய வேண்டும். சி.பி. 750 வந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு வரையப்பட்ட கோடு அது. முன் பிரேக்தான் முதன்மைப் பிரேக் என்பதைப் பொறியாளர்கள் ஏற்றுக்கொண்ட பிறகும், பின்னால் வருபவருக்கு அதைச் சொல்லியாக வேண்டும் என்பது விதியாக மாறுவது தாமதமாகிக்கொண்டே இருந்தது.

முன் பிரேக்கை மட்டும் யார் பிடிக்கிறார், காலும் சேர்ந்தேதானே அழுத்துகிறது என்று கேட்கலாம். வலுவில்லாத பழைய 6 அங்குல டிரம்முக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் முன் பிரேக் நன்றாகப் பிடிக்கத் தொடங்கியதும் ஓட்டுநரின் பழக்கம் மாறும். நெரிசலில் இரண்டு விரலால் மெல்லப் பிடித்து வேகத்தைக் குறைப்பார், கால் மிதியைத் தொடாது. பின்னால் வரும் பேருந்துக்கு விளக்கு எரியாது. பழைய புல்லட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுவே எல்லாவற்றிலும் வலுவானது என்பேன். அதில் கியர் வலப்பக்கம், பிரேக் மிதி இடப்பக்கம். இன்றைய வண்டியில் பழகிய கால் அவசரத்தில் எதை மிதிக்கும் என்று சொல்ல முடியாது. பிரேக்குகளில் இரு வகை வண்டியிலும் ஒரே இடத்தில் இருப்பது வலது கைப்பிடி மட்டுமே. பதற்றத்தில் முதலில் இறுகுவதும் அதுதான். மிக அவசரமான அந்த நொடியில் விளக்கு அணைந்தே கிடக்கும் ஏற்பாட்டை எப்படி நியாயப்படுத்துவது?

அசல் தன்மை கெடும் என்பது அடுத்த மறுப்பு. பழமையைக் காப்பவரின் கவலையை மதிக்கிறேன். ஆனால் கேபிள் ஸ்விட்ச் அக்காலத்துப் பொருள்தான். வண்டியில் எதையும் துளைக்காமல் பொருத்தலாம், கழற்றவும் செய்யலாம். மெலிந்த ஃபோர்க்கும் 3.25 அங்குல டயரும் வலுவான பிரேக்கைத் தாங்குமா என்பது இன்னும் நியாயமான கேள்வி. இதில் எனக்கும் உடன்பாடே. அதனால்தான் டிஸ்க் மாட்டுவதை முதல் வழியாக நான் சொல்லவில்லை. பழைய டிரம்மிடமிருந்து அது முதலில் கொடுத்த பலத்தைத் திரும்பப் பெறுவதே முதல் வேலை. பெரும்பாலும் அதுவே போதும்.

தேய்ந்த டிரம்மைக் கடைசல் பிடித்தால் உள்விட்டம் கூடும். புது ஷூவின் வளைவோ பழைய அளவிலேயே இருக்கும். விளைவு, லைனிங்கின் நடுப்பகுதி மட்டும் டிரம்மைத் தொடும். ஷூக்களை அவற்றைத் தாங்கும் பிரேக் பிளேட்டில் மாட்டி, லேத்தில் அந்த டிரம்முக்கு ஏற்பக் கடைந்தால் முழு நீளமும் தொடும். புதிய உதிரிபாகம் எதையும்விட இந்த ஒரு வேலை அதிகம் தரும். அடுத்தது கேமைத் திருப்ப கேபிள் இழுக்கும் கோலின் கோணம். பிரேக் முழுதாகப் பிடித்த நிலையில் கோலும் கேபிளும் 90 டிகிரியில் இருக்க வேண்டும். அது 120 ஆகிவிட்டால் கை கொடுக்கும் விசையில் 13 சதவீதம் வீண். சக்கரத்தை மாட்டும்போது அச்சு நட்டை முறுக்குமுன் கைப்பிடியை இறுகப் பிடித்து, ஷூக்களும் பிளேட்டும் டிரம்மின் நடுவில் தாமாக அமர்ந்தபின் முறுக்க வேண்டும். ட்வின் லீடிங் என்றால் இரண்டு கேம்களையும் இணைக்கும் கம்பியின் நீளத்தைச் சரிசெய்து, இரு ஷூக்களும் ஒரே கணத்தில் தொடுமாறு பார்க்க வேண்டும். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ஸ்விட்ச் வேலை சிறியது, ஆனால் கவனம் கேட்பது. மிதி ஸ்விட்சின் இரண்டு வயர்களோடு முன் ஸ்விட்சின் இரண்டையும் இணையாகச் சேர்த்தால் போதும். கேபிள் ஸ்விட்சில், கைப்பிடியை இழுக்கும்போது வெளி உறை அழுந்த, உள்ளிருக்கும் தகடுகள் தொட்டுக்கொள்ளும். கைப்பிடியில் வைக்கும் மைக்ரோ ஸ்விட்ச் என்றால், பிடி விலகும்போது முனை வெளிவந்து சுற்று மூடும். எதுவானாலும் ஷூ டிரம்மைத் தொடுமுன், கைப்பிடியின் தளர்வு தூரத்திலேயே விளக்கு எரிய வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கால் நொடித் தாமதம் என்றால், பின்னால் வருபவர் அறியாமல் நான்கு மீட்டருக்கு மேல் முன்னேறிவிடுகிறார்.

தொடுமுனைகளின் சுத்தம் 6 வோல்ட் வண்டியில் பெரிய விஷயம். 21 வாட் பல்பு 6 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் இழுக்கும். பச்சை பிடித்த ஒரு தொடுமுனை 0.2 ஓம் தடை தந்தாலே 0.7 வோல்ட் அங்கேயே போய்விடும்; பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மறையும். அதே தடை 12 வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் தின்னும். எல்.இ.டி. பல்பு மாட்டினால் மின்னோட்டம் வெகுவாகக் குறைவதோடு, இழைப் பல்பைவிடச் சுமார் 0.2 நொடி முன்னதாகவே முழு வெளிச்சமும் வரும். பாசிட்டிவ் எர்த் உள்ள, அதாவது பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைந்த, பழைய பிரிட்டிஷ் வண்டிக்கு மட்டும் அதற்கேற்ற பல்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்று மாலையே ஒன்று செய்யலாம். சாவியைப் போட்டு, காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, முன் பிரேக்கை மட்டும் பிடித்தபடி பின்னால் ஒருவரை நிறுத்தி விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். எரியவில்லை என்றால், அடுத்த முறை வண்டியை எடுக்குமுன் முன் பிரேக்குக்கான ஸ்விட்சைப் பொருத்திவிடுங்கள்.