கப்பல் விளிம்பில் ஒரு வலை

கப்பலின் வரலாற்றை எழுதியோர் பாய்மரத்தின் உயரத்தைப் புகழ்ந்தனர். பாயின் பரப்பை அளந்தனர். சரக்கின் எடையைக் கணக்கிட்டனர். கப்பலின் விளிம்பைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும், மாலுமி ஒருவனின் உயிர் நிற்பதும் போவதும் பெரும்பாலும் அந்த விளிம்பிலேதான். தளத்துக்கும் கடலுக்கும் நடுவே உள்ள அச்சிறு எல்லையில் மனிதன் எதை வைத்தான், யாருக்காக வைத்தான், எப்போது வைத்தான் என்று ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

இக்காலத்துப் பாய்ப்படகு ஒன்றைப் பார்த்தால், அதன் விளிம்பைச் சுற்றிச் சிறு கம்பங்கள் நடப்பட்டிருப்பதையும், அவற்றினூடே இரண்டு கம்பிகள் ஓடுவதையும் காணலாம். ஆங்கிலத்தில் 'லைஃப்லைன்' என்று வழங்கும் இவற்றை நாம் உயிர்க்கம்பி என்று அழைப்போம். அக்கம்பிகளுக்கும் தளத்துக்கும் இடையே உள்ள வெளியை அடைத்துக் கட்டுவது பாதுகாப்பு வலை. சிறிய பொருள்தான், எனினும் அதன் பின்னே நெடிய வரலாறு உண்டு.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பெங்களூரின் ஜீவனஹள்ளியில் வாழும் நமக்குக் கப்பல் விளிம்போடு என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். விடை நம் அண்டையிலேயே இருக்கிறது. ஜீவனஹள்ளியிலிருந்து சிறிது தொலைவில் அல்சூர் ஏரி; அதன் அருகே மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம். 1780 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் தோன்றிய அப்படை 1834 முதல் பெங்களூரைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. 1809 இல் அமைந்த தண்டுப் பகுதியை நம்பியும், அப்படையைத் தொடர்ந்தும் இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. சாப்பர்களைத் தன் அங்கமாகக் கொண்ட இந்தியப் படையின் பொறியாளர் குழாமே, உலகத்தைப் பாய்ப்படகில் சுற்றிவந்த முதல் இந்தியப் பயணத்தையும் நடத்தியது. கர்னல் டி. பி. எஸ். சௌதரியின் தலைமையில் 'திருஷ்ணா' என்ற படகு 1985 செப்டம்பர் 28 ஆம் நாள் பம்பாயை விட்டுப் புறப்பட்டு, 1987 ஜனவரி 10 ஆம் நாள் திரும்பியது. நிலத்தில் பாலம் அமைக்கப் பயின்றோர் கடலையும் வலம் வந்தனர். ஆகவே மேட்டு நிலத்தில் வாழ்வோருக்குக் கடலின் செய்தி அயலானதன்று.

இனி நம் கரையிலிருந்தே தொடங்குவோம். சோழமண்டலக் கரையின் கட்டுமரத்துக்கு விளிம்பென்பதே இல்லை. சில மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை அது. அலை மேலே ஏறினால் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். மீனவர் விழுந்தால் நீந்தி வந்து மீண்டும் ஏறிக்கொள்வார். தடுப்பின்மையே அங்கு ஒரு வசதி. உயரமான விளிம்பு இருந்தால் ஏறுவது கடினமன்றோ? ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697 இல் வெளியான தம் பயண நூலில் இம்மிதவையைக் குறிப்பிட்டார். அப்பெயரே பின்னர் உருமாறி, இரட்டை உடல் கொண்ட நவீனப் படகுகளுக்கு 'கட்டமரன்' என உலகெங்கும் நிலைத்தது. அவ்விரட்டைப் படகுகள் பலவற்றில், முன்பக்கத்தில் இரு உடல்களுக்கும் நடுவே வலையை விரித்துக் கட்டுவது வழக்கம். மேலே ஏறிய அலை அவ்வலையின் வழியே வடிகிறது. பழைய மரத்தின் இடுக்கு செய்த வேலையைப் புதிய வலை செய்கிறது எனலாம்.

சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பலில் வந்தோரைக் கரை சேர்த்தது மசூலாப் படகு. ஆணி அடியாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. கரையலையின் அடியில் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். உயரமான பக்கங்கள் இருந்தும் பயணிகள் கடலில் வீழ்வது நிகழ்ந்தது. அதனால் மசூலாவைத் தொடர்ந்து கட்டுமரக்காரரும் அலையூடே வருவர். விழுந்தோரைத் தூக்கி எடுப்பர். உயிர் காத்தோருக்குப் பதக்கம் அளித்ததும் உண்டு. கம்பியும் வலையும் இல்லாத அக்காலத்தில், பக்கத்தில் வந்த மனிதரே பாதுகாப்பு.

பெருங்கடலில் தனியே செல்லும் கப்பலுக்கு அவ்வாறு துணை வருவோர் எவருமிலர். அங்கு வலை தோன்றிய கதை வேறு விதமானது. ஐரோப்பியப் போர்க்கப்பல்களின் விளிம்பில் வலை ஏறியது, வீழ்வோரைத் தாங்குவதற்காக அன்று, ஏறுவோரைத் தடுப்பதற்காக. பகைவர் தம் கப்பலை நெருக்கி நிறுத்தித் தாவி ஏறுவது அக்காலப் போர்முறை. அவர்கள் தாவ இயலாதபடி விளிம்புக்கு மேலே தடித்த கயிற்று வலையை உயர்த்திக் கட்டினர். மற்றொரு வலை, மாலுமிகளின் தூங்கு படுக்கைகளை அடுக்கி வைக்கப் பயன்பட்டது. பகலில் சுருட்டிய படுக்கைகளை விளிம்பின் மேலுள்ள வலைத்தொட்டியில் நெருக்கமாக வைத்தால், துப்பாக்கிக் குண்டுகளுக்கும் சிதறும் மரச்சிம்புகளுக்கும் அது ஓர் அரணாகும். இவ்வாறு, விளிம்பு வலை முதலில் காத்தது போரை; மனிதன் தவறி விழுவதைப் பற்றிய கவலை அதில் இல்லை.

அக்கவலையைக் கற்பித்தது தென் அமெரிக்காவின் கோடியிலுள்ள ஹார்ன் முனை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கோதுமையும் வெடியுப்பும் ஏற்றிய நான்கு பாய்மரப் பெருங்கப்பல்கள் அவ்வழியே சென்றன. சரக்கின் பாரத்தால் தளம் தாழ்ந்திருக்கும். தென்கடலின் அலை தளத்தின் மேல் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். கயிறு இழுத்துக் கொண்டிருந்த மாலுமிகளை அது துரும்புபோல் அடித்துச் சென்றது. அப்போதுதான் தளத்தின் நீளத்துக்குப் பிடிகயிறுகளைக் கட்டினர். பக்கச் சுவர்களுக்கு மேலே வலையையும் கட்டினர். அணியத்துக்கு முன்னே நீண்டிருக்கும் மரத்தில் பாயைச் சுருட்டச் செல்வோர் வீழ்ந்தால் தாங்குவதற்கு, அதன் அடியிலும் வலை விரித்தனர். விளிம்பு வலை மனிதனுக்காக என்று ஆனது அக்காலத்திலேதான்.

சரக்குப் பாய்க்கப்பல்களின் காலம் மறைந்த பின், பாய் விரித்துக் கடல் கடக்கும் ஆசை விளையாட்டாகவும் வீரச் செயலாகவும் தொடர்ந்தது. இதில் தமிழர் பங்கும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற இரு பாய்மரக் கப்பலை, வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அவர் அதற்கு முன்பே சிறு படகில் உலகைச் சுற்றியவர். தண்டயல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அக்கப்பலைச் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் குளஸ்டர் துறையில் சேர்த்தனர். ஆஞ்சானையும் தாமானையும் கையால் இழுத்த அம்மாலுமிகளின் திறமையை எண்ணி வியக்காதிருக்க முடியாது.

இத்தகைய திறமை ஒன்றே போதும் என்ற நம்பிக்கை அக்காலப் படகோட்டிகளிடம் வேரூன்றியிருந்தது. சிறு படகுகள் பலவற்றின் விளிம்பில் கணுக்கால் உயரக் கட்டையைத் தவிர வேறொன்றும் இராது. 1925 இல் தொடங்கிய ஃபாஸ்ட்னெட் கடற்பந்தயத்தில், 1931 ஆம் ஆண்டு, 'மைட்டனிஸ்' என்ற படகின் உடைமையாளருள் ஒருவரான கர்னல் ஹட்சன் அலையில் வீழ்ந்து மறைந்தார். பின்வந்த பத்தாண்டுகளில் உயிர்க்கம்பி படிப்படியாகப் பந்தய விதியாயிற்று. இன்றைய விதிகளின்படி நடுத்தரப் படகுகளின் மேற்கம்பி தளத்திலிருந்து 60 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். கம்பங்களின் இடைவெளி 2.2 மீட்டரைத் தாண்டலாகாது. நடுவே மற்றொரு கம்பியும் வேண்டும்.

இத்துணைக் கவனம் எதற்கு? கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். மணிக்கு ஆறு கடல் மைல் செல்லும் படகு ஒரு நொடியில் மூன்று மீட்டர் நகர்கிறது. ஒருவர் விழுந்து ஒரு நிமிடம் கழிந்தால், படகு ஏறத்தாழ 185 மீட்டர் விலகிவிடும். அலைகளின் நடுவே மனிதத் தலை மிதக்கும் தேங்காயளவே தோன்றும். பாயை இறக்கி, படகைத் திருப்பி, அத்தேங்காயைத் தேடுவது பகலிலேயே அரிது. இரவில் அதனினும் அரிது. வீழ்ந்தவரை மீட்பதைவிட வீழாமல் தடுப்பதே எளிது என்பதைக் கடலோடிகள் இக்கணக்கிலிருந்தே கற்றனர்.

உயிர்க்கம்பி நிற்பவரைத் தடுக்கும், சறுக்குபவரைத் தடுக்காது. சாய்ந்த தளத்தில் வழுக்கியவர் கம்பிகளின் அடியாகவே வெளியேறக்கூடும். குழந்தையோ கம்பியின் கீழ் நிமிர்ந்தே நடந்து போய்விடும். இவ்வெளியை அடைக்கவே வலை வந்தது. முதலில் அதை அணியத்தின் பக்கம் மட்டும் கட்டினர். கீழே இறக்கிய முன்பாய் கடலில் சரியாமல் இருப்பதற்காக. குடும்பத்தோடு நெடும்பயணம் செல்வோர் தோன்றிய பின்னரே வலை படகைச் சுற்றிலும் ஓடலாயிற்று.

வலை கட்டும் முறை எளிதாயினும் பொறுமையை வேண்டுவது. முதலில் கம்பியை ஆராய்தல் வேண்டும். பிளாஸ்டிக் உறையிட்ட கம்பி வெளியே வெண்மையாக மின்னும். உள்ளே துரு அரித்திருக்கும். பழுதான கம்பியில் நல்ல வலையைக் கட்டுவது வீண். பிறகு ஏறத்தாழ ஈரங்குலக் கண்ணியுள்ள வலையை அளந்து, மேல்வரிசைக் கண்ணிகளில் கயிறு கோத்து, மேற்கம்பியோடு சுற்றிப் பிணைக்க வேண்டும். அடிவரிசைக்கும் அவ்வாறே கயிறு கோத்து, தளத்தின் விளிம்புக்கட்டையில் சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சாக இறுக்க வேண்டும். பாரம் முழுவதும் வந்து மோதுவது கீழ்விளிம்பில்தான். பலர் அவசரப்படுவதும் அங்கேதான். ஒரே கயிற்றால் முழுவதையும் கட்டினால் ஓரிடத்தில் அறுந்தாலும் எல்லாம் அவிழும். ஆதலால் கம்பத்துக்குக் கம்பம் தனித்தனியே முடிதல் நன்று. ஏறி இறங்கும் வாயிலுக்குத் தனி வலை வேண்டும். பாயின் கயிறுகள் உராயாமல் ஓடவும் வழி விடவேண்டும்.

இம்முடிச்சுகள் நம் கடற்கரையோருக்குப் புதியன அல்ல. பருத்தி நூலில் வலை பின்னி, மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து உலர்த்திய மரபு அவர்களுடையது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நைலான் வந்தது. நைலான் எளிதில் அழுகாது. எனினும் வெயில் அதன் வலிமையை உண்ணும். வெளுத்துச் சொரசொரப்பாகிய வலையைத் தயங்காமல் மாற்ற வேண்டும்.

வலையால் ஆகாததும் உண்டு. பேரலை தூக்கி எறியும் வளர்ந்த மனிதரை அது தாங்கும் என நம்பலாகாது. அதற்கு உடலோடு பிணைத்த பாதுகாப்புப் பட்டையே துணை. 1979 ஆம் ஆண்டு ஃபாஸ்ட்னெட் பந்தயப் புயலில் படகோட்டிகள் பதினைவர் மாண்டனர்; பட்டையோ அதன் பிணைப்போ பழுதானதும் அவர்களுள் சிலரது மரணத்துக்குக் காரணமாயிற்று. 1998 இல், உலகப் புகழ் வாய்ந்த பிரெஞ்சுக் கடலோடி எரிக் தபார்லி, தம் பழைய படகான 'பென் டுயிக்'கிலிருந்து இரவில் வீழ்ந்து மறைந்தார். திறமையில் அவரை விஞ்சியோர் அரியர். திறமை ஒன்றே போதாது என்பதற்கு அவரே சான்றானார்.

இந்தப் பாடத்தைக் கற்றுச் சென்ற தலைமுறையும் நம்மிடையே உண்டு. கடற்படையின் 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்ப்படகில், கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும், இருவர் மட்டுமே, 2024 அக்டோபர் 2 ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டனர். அக்கொடிய ஹார்ன் முனையையும் சுற்றி, 2025 மே 29 ஆம் நாள் கோவாவுக்குத் திரும்பினர். ஒருவர் உறங்க மற்றவர் தனித்துத் தளத்தில் நிற்கும் அத்தகைய பயணத்தில், விழுவதைக் காணக்கூட எவருமிலர். விளிம்பின் அருமை அங்கு நன்கு விளங்கும்.

கடலைக் காணாத நம் வீடுகளிலும் விளிம்பு உண்டு. பெங்களூரின் அடுக்குமாடிகளில், பால்கனிக்குப் பால்கனி வலை கட்டியிருப்பதைக் காண்கிறோம். அவற்றுட் பல, புறாக்களைத் தடுக்கக் கட்டியவை. குழந்தையின் பாரத்தைத் தாங்குவதற்கு அன்று. பறவை வலை இருக்கிறது என்ற துணிவில் குழந்தையைப் பால்கனியில் தனியே விடுதல் பெரும்பிழை. கடலோடிகள் கேட்கும் மூன்று வினாக்களை நாமும் கேட்கலாம்: வலையைத் தாங்கும் கொக்கி உறுதியா? கீழ்விளிம்பு இறுக்கமா? வெயிலில் நூல் நலிந்துவிட்டதா?

விளிம்பு வலையின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அது முதலில் பகைவனுக்காகக் கட்டப்பட்டது, பின்பு படுக்கைக்காகவும் பாய்க்காகவும், அதன்பின் மாலுமிக்காக, இறுதியிலேதான் குழந்தைக்காக. கயிறும் முடிச்சும் தொன்றுதொட்டு இருந்தன. விளிம்பில் நிற்கும் எளியவரின் உயிரும் மதிப்புடையது என்ற எண்ணமே தாமதமாக வந்தது. வந்த அவ்வெண்ணத்தைக் காப்பது, கடலிலாயினும் மாடியிலாயினும், முடிச்சு இடுகின்ற கையின் கடமையாகும்.